கிலோமீட்டர் மட்டும் போதாது: போக்குவரத்துத் திட்டமிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

சாலை, ரயில், நீர்வழித் திட்டங்களை வகுக்கும் பொறியாளர்களுக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

சரக்கு லாரிகளுக்குப் பயண அட்டவணை போடும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். உங்கள் திட்ட அறிக்கைகளில் தொலைவு முதல் பக்கத்திலேயே இடம்பெறுகிறது. ஆனால் அந்தத் தொலைவுக்குள் பாதை எத்தனை மீட்டர் ஏறி இறங்குகிறது, எந்தப் பருவத்தில் நீர் பெருகுகிறது அல்லது வற்றுகிறது, ஓரிடத்தில் அடைபட்டால் வண்டிகள் எவ்வழியே திரும்பும் என்பவையெல்லாம் பின்னிணைப்பில் ஒதுங்கிவிடுகின்றன. அவையும் முதல் பக்கத்துக்கு வர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், வரைபடத்தில் குறுக்குவழியாகத் தெரிந்த ஒரு மலைப்பாதையில், பாரம் ஏற்றிய லாரி ஒன்றை அனுப்பிவைத்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரிலேயே ஊர்ந்து, என்ஜின் சூடேறி, இறக்கத்தில் பிரேக் புகைந்து நின்று நின்று சென்ற அந்த லாரி, சுற்றுவழியில் போயிருந்தால் ஆகியிருக்கும் நேரத்தைவிட வெகுநேரம் கழித்தே போய்ச் சேர்ந்தது. ஓட்டுநர் கோபப்படவில்லை; அடுத்த நடையில் தன்னோடு வந்து பார்க்கச் சொன்னார். போய்ப் பார்த்த பிறகுதான், வரைபடத்தில் ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகள் நெருங்கியிருக்கும் இடங்களில் ஒரு கிலோமீட்டர் என்பதற்கு வேறு பொருள் என்று எனக்கு விளங்கியது.

ரயிலுக்கு இது இன்னும் கடுமையாகப் பொருந்தும். உருக்குத் தண்டவாளத்தில் உருக்குச் சக்கரம் உருள்வதால் சமதளத்தில் மிகக் குறைந்த இழுவையே போதும். ஆனால் 100 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் ஏற்றத்தில்கூட அந்தத் தேவை பல மடங்காகிவிடுகிறது. சுவிட்சர்லாந்தில் 1882-இல் திறக்கப்பட்ட பழைய கோட்ஹார்ட் சுரங்கத்தை அடைய, ரயில்கள் கடல் மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கும் மேலே ஏற வேண்டியிருந்தது. கனத்த சரக்கு ரயில்களுக்குக் கூடுதல் என்ஜின்களும் தேவைப்பட்டன. 2016-இல் திறக்கப்பட்ட 57 கிலோமீட்டர் நீளமுள்ள புதிய சுரங்கம் மலையின் அடிவாரத்தை ஊடுருவிச் செல்கிறது. அதன் மிக உயர்ந்த புள்ளியே ஏறத்தாழ 550 மீட்டர்தான். அத்தனை பெரிய செலவும் முதன்மையாக அந்த ஏற்றத்தைத் தவிர்ப்பதற்காகவே செய்யப்பட்டது, அது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் மறு ஆண்டே, 2017 ஆகஸ்டில், அந்தச் சுரங்கம் வழியே செல்லும் அதே வடக்கு தெற்குத் தடத்தில் ஜெர்மனியின் ராஸ்டாட் அருகே, தண்டவாளத்துக்கு அடியில் நடந்துகொண்டிருந்த சுரங்கப் பணியால் நிலம் உள்வாங்கி, ரைன் பள்ளத்தாக்கின் முதன்மை ரயில் பாதை ஏழு வாரங்கள் மூடப்பட்டது. மாற்றுப் பாதைகள் இல்லாமல் இல்லை. அவற்றில் ஓட்டிப் பழகிய, அண்டை நாட்டின் மொழியும் சமிக்ஞை முறையும் தெரிந்த ஓட்டுநர்கள்தாம் போதுமான அளவில் இல்லை. வரைபடத்தில் இருக்கும் மாற்றுவழி வேறு, நாளைக் காலையே வண்டி ஓடக்கூடிய மாற்றுவழி வேறு.

நீர்வழிகளையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். பனாமா கால்வாய் என்றதும் இரு பெருங்கடல்களை இணைக்கும் வெட்டு வாய்க்கால் என்ற எண்ணமே பலருக்கும் எழுகிறது. உண்மையில் கப்பல்கள் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 26 மீட்டர் உயரத்திலுள்ள காட்டுன் ஏரிக்கு, நீரை நிரப்பியும் வடித்தும் கப்பலை ஏற்றி இறக்கும் மதகு அறைகள் வழியே தூக்கப்பட்டு, மறுபுறம் இறக்கப்படுகின்றன. ஒரு கப்பல் கடந்துபோக ஏறத்தாழ 20 கோடி லிட்டர் நன்னீர் கடலுக்குப் போகிறது. மக்கள் குடிப்பதும் அந்த ஏரி நீரைத்தான். 2023-இல் மழை பொய்த்தபோது, நாளொன்றுக்கு வழக்கமாகச் செல்லும் 36 கப்பல்கள் என்ற எண்ணிக்கை ஆண்டின் இறுதியில் 24-க்கும் கீழே குறைக்கப்பட்டது. உலக வணிகத்தின் ஒரு பெரும் வாயில் எவ்வளவு திறந்திருக்கும் என்பதை, சுற்றியுள்ள காடுகளில் பெய்யும் மழை முடிவு செய்கிறது.

ஆகவே, உங்கள் அடுத்த அறிக்கையில் ஒவ்வொரு தடத்துக்கும் ஏற்ற இறக்கத்தையும், மிக மோசமான பருவத்தின் பயண நேரத்தையும் தொலைவுக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். அறிவித்துள்ள மாற்றுவழியில், தடை ஏதும் இல்லாத காலத்திலேயே, ஆண்டுக்கு ஒருமுறையாவது முழுப் பாரத்தோடு ஒரு வண்டியை ஓட்டிப் பாருங்கள். அதை ஓட்டியவர் சொல்வதை அவருடைய சொற்களிலேயே அறிக்கையில் சேருங்கள்.

இப்படிக்கு,
பயண அட்டவணை போட்டுவந்த ஒருவன்