வெள்ளிக்கிழமை வெளியில போகாதே, மருமகளே

அன்புள்ள மருமகளுக்கு,

ஓமான் நாட்டு நிஸ்வாவிலிருந்து நீ அனுப்பின படங்களை வெள்ளவத்தை வீட்டில் எல்லாரும் பார்த்தம். ஏறத்தாழ ஒன்பதரைக் கோடி ஆண்டுக்கு முந்தின கடலடி ஓடும், அதுக்குக் கீழே கிடந்த மான்டில் பாறையும் தரைக்கு மேல ஏறி நிற்கிற சமாயில் ஓபியோலைட்! அதில் கால் வைக்கிற கொடுப்பினை எனக்குக் கிடைக்கேல்லை. உனக்குக் கிடைச்சதில் எனக்குப் பெரிய சந்தோசம். ஆனால், "வெள்ளி லீவுதான் மாமா, தனியா வாடி என்கிற வறண்ட ஆற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம் போயிட்டு வரப்போறன்" என்றாயே, அதுக்குத்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் கொழும்பு வெக்கையில் வளர்ந்த ஆக்கள். இங்கே காற்றில் ஈரம் கூட. வேர்வை காயாது, சட்டை முதுகோடு ஒட்டும். காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றாலே உடம்பு "போதும், நிழலுக்குப் போ" என்று சொல்லிவிடும். ஓமானின் உட்பகுதியில் அந்த எச்சரிக்கை வராது. வேர்வை வந்த கையோடு காய்ந்துபோகும், தோலில் உப்புத்தான் மிஞ்சும். நனையாததால் எவ்வளவு தண்ணி போகுது என்றே தெரியாது. அந்த மான்டில் பாறையான கறுத்த பெரிடோடைட் வேறு கீழிருந்து சூட்டை எறியும். புல்மோட்டை இல்மனைட் மணலில் வேலை செய்தவன் நான், கறுத்த தரையின் சூடு எனக்குத் தெரியும்.

நேற்றுக் குறைஞ்ச நீரும் நித்திரையும் இன்றைய வெயிலோடு சேரும். புது வெக்கைக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு கிழமை வேணும், நீ போயே கொஞ்ச நாள்தான். சூடு மூளைக்கு ஏறித் தடுமாற்றம் வந்தால் அது உனக்கே விளங்காது. பக்கத்தில் ஒருவர் இருந்துதான் கண்டுபிடிக்க வேணும். அந்த நாட்டு அரசே ஜூன் தொடக்கம் ஓகஸ்ட் வரை பகல் 12.30 முதல் 3.30 வரை வெளிவேலையைத் தடுத்திருக்குது.

களைச்ச கண் பாறையையும் பிழையாகத்தான் வாசிக்கும். சாய்வுத் திசையை மாறி எழுதினால், ஊருக்குத் திரும்பி வரைபடம் கீறேக்கதான் தெரியவரும்.

வெள்ளி உள்ளேயே இரு. பென்சில் குறிப்புக்கு மை போடு, மாதிரிப் பைகளின் இலக்கத்தைக் கொப்பியோடு ஒத்துப் பார். ஒரு மணித்தியாலம் போதும். உப்புப் போட்டுத் தேசிக்காய்த் தண்ணி குடி. அங்கே லபான் என்று மோர் கிடைக்கும், அதுவும் நல்லது. சிறுநீர் கடும் மஞ்சளாக இருந்தால் இன்னும் குடி. மத்தியானம் நித்திரை கொள்.

அந்த வாடிக்குச் சனிக்கிழமை விடிய, குழுவோடு போ. கடலடி ஓடும் மான்டிலும் சந்திக்கிற மோஹோ எல்லையில் கை வைச்சபடி ஒரு படம் எடுத்து அனுப்பு, பெரிசாக அச்சடிச்சு என்ரை மேசைக்கு மேலே மாட்டப்போறன்.

அன்புடன்,
மாமா