தனிக்கு எழுந்திருக்காதே

கும்பகோணம்,
மார்கழி 12.

அன்புள்ள கௌரிக்கு அப்பா எழுதுவது.

இங்கு நலம், அங்கு நலமறிய ஆவல். போன் போட்டால் 'கச்சேரியில் இருக்கேன்ப்பா' என்று மெசேஜ்தான் வருகிறது. நேற்று காலை ஆறு மணிக்குப் போட்டேன். அதற்கும் அதே பதில். ஆறு மணிக்கு மாடவீதியில் பஜனைதான் போகும், அதற்கு யாரும் விமர்சனம் எழுதி நான் பார்த்ததில்லை. சரி, கடிதத்துக்கு அப்படிப் பதில் போட முடியாது பார், அதனால் எழுதுகிறேன்.

மழை விட்டுவிட்டது. கூடத்தில் ஒழுகின இடத்துக்கு ஓடு மாற்றியாயிற்று. அம்மாவுக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. வலங்கைமான் அத்தை வந்திருந்தாள். உன் பெயரைப் பேப்பரில் பார்த்தாளாம். "கௌரி இப்போ சினிமாவுக்கு எழுதறாளா?" என்றாள். இல்லை, சங்கீதத்துக்கு என்றேன். "அதுக்கெல்லாம் சம்பளம் உண்டா?" என்றாள். அம்மா காபி கலக்க உள்ளே போய்விட்டாள். நானும் பதில் சொல்லவில்லை.

நீ பேப்பரில் எழுதின மூன்று கச்சேரி விமர்சனத்தையும் படித்துவிட்டேன். நீ அனுப்பவில்லை, இருந்தாலும் படித்தேன். டீக்கடைப் பேப்பரில் வடை எண்ணெய் ஊறி பாதி எழுத்து தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை நடந்துபோய் எனக்கென்று ஒன்று வாங்கினேன்.

முதலாவதில், அந்தப் பையனின் தர்பார் ராகத்தில் அங்கங்கே நாயகி ராகம் எட்டிப் பார்த்தது, 'க க ரி ச'வில் நிற்காமல் ஓடினதால் வந்த வினை என்று எழுதியிருந்தாய். படித்ததும் எழுந்து கூடத்தில் இரண்டு நடை நடந்தேன். பத்து வருஷம் மேடையில் உட்கார்ந்தவர்களிலேயே அந்த இரண்டு ராகத்தையும் பிரித்துச் சொல்லத் திணறினவர்கள் எங்கள் செட்டில் உண்டு. அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். "அப்போ அவகிட்டயே சொல்றதுதானே" என்றாள்.

இரண்டாவது எனக்குப் பிடிக்கவில்லை. 'ரசிகர்கள் மெய்மறந்தனர்', 'கரகோஷம் அடங்க வெகுநேரமாயிற்று' என்றெல்லாம் இருக்கிறது. மெய்மறந்தவள் எப்படியம்மா குறிப்பெடுத்தாய்? கைதட்டினார்கள் என்பதை அங்கே வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுப்பவனும் சொல்வான். எதற்குத் தட்டினார்கள், தட்டின இடம் தட்ட வேண்டிய இடம்தானா என்று சொல்லத்தான் உன்னை அனுப்புகிறார்கள். கடைசி வரியில் 'மிருதங்கம் பக்கபலமாக அமைந்தது' என்று போட்டிருக்கிறாய். அந்த வரியை அந்தக் காலத்தில் அச்சாபீசில் எழுத்துப் பிரிக்காமலே வைத்திருப்பார்கள் என்று நாங்கள் கேலி பேசுவோம், பேரை மட்டும் மாற்றினால் போதும். என் பெண்ணும் அதையே எழுதுவாள் என்று நான் நினைக்கவில்லை.

மூன்றாவதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். பாட்டை நிறுத்திவிட்டு மிருதங்கம் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் வந்ததும் எழுந்திருக்காதே. எல்லோரும் எழுந்திருப்பார்கள், நாற்காலி சத்தம் கேட்கும், கேன்டீனிலிருந்து போண்டா வாசனை வரும். நீ உட்கார்ந்திரு. இரண்டு மணி நேரம் அடுத்தவர் பாட்டுக்கு வாசித்துவிட்டு, மிருதங்கக்காரனுக்கென்று கொடுக்கிற இடம் அது ஒன்றுதான். மத்தியானக் கச்சேரி என்றால் அதுவும் பத்து நிமிஷம். கையில் தாளம் போட்டுக்கொண்டே கேள். குறைப்பில் மிருதங்கமும் கடமும் மாறி மாறி எத்தனை ஆவர்த்தனத்திலிருந்து, அதாவது எத்தனை தாளச் சுற்றிலிருந்து, இறங்கி வருகிறார்கள் என்று எண்ணு. மோஹரா முடிந்து கடைசிக் கோர்வை மூன்றாம் தரம் விழுகிற இடத்தில் பாடகர், பாட்டு தொடங்குகிற எடுப்பைப் பிடித்தாரா, அல்லது பிடித்த மாதிரி சிரித்தாரா என்று பார். இதெல்லாம் உனக்குத் தெரியும். மூன்று வயசில் என் மடியில் உட்கார்ந்து 'தா தீ தொம் நம்' சொன்னவள் நீ. இருந்தாலும் சொல்கிறேன்.

கச்சேரிக்கு முன்னால் உள்ளே போய் வித்வான்களைப் பார்க்காதே. பார்த்தால் காபி கொடுப்பார்கள், காபி குடித்தால் தொண்டையில் எழுத்து நிற்கும். யாரும் ஆட்டோவில் கொண்டுவிடுகிறேன் என்றால் ஏறாதே. முதலில் பாடுகிற வர்ணத்துக்கு முன்னாலேயே போய்விடு. தம்புரா சுருதி சேர்க்கிறபோதே பாதி தெரிந்துவிடும். ராகம் பிடிபடாவிட்டால் பக்கத்தில் இருக்கிற கிழவரைக் கேள், வெட்கப்படாதே. தனிக்கு மட்டும் எழுந்திருக்காதே.

நீ வேலையை விட்டது பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. சரஸ்வதி பூஜையன்று சொன்னதே போதும். ஒரு கச்சேரிக்கு என்ன கொடுக்கிறார்கள் என்றும் கேட்க மாட்டேன் (அம்மா கேட்கிறாள்). ஆனால் யோசித்துப் பார். கல்கி 'கர்நாடகம்' என்று பேர் வைத்துக்கொண்டு கச்சேரிகளைப் பற்றி எழுதினபோது ஆனந்த விகடனில் அவருக்கு ஆசிரியர் வேலை இருந்தது. விமர்சகர் சுப்புடு வந்து உட்கார்ந்தால் மேடையில் இருக்கிறவர்களுக்குத் தொண்டை உலரும் என்பார்கள். அவரும் டில்லியில் மத்திய சர்க்கார் உத்தியோகம் பார்த்துக்கொண்டுதான் எழுதினார். மாதச் சம்பளம் வந்தது, அதனால் யாருக்கும் பயப்பட வேண்டியிருக்கவில்லை. நான் சொல்வது அவ்வளவுதான். பாங்கில் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று பாபு மாமாவை விசாரிக்கச் சொல்லியிருந்தேன். கோபப்படாதே. விசாரிக்க வேண்டாம் என்று நேற்று சொல்லிவிட்டேன்.

இனி அந்த மூன்றாவது.

'சாரீரம் நல்ல சாரீரம். சாஹித்யம்தான் மிருதங்கத்துக்கு அடியில் போய்விட்டது' என்று எழுதியிருக்கிறாய். பதினோரு தடவை படித்தேன். அந்தப் பெண் யாரென்றும் எனக்குத் தெரியாது, வாசித்த பையன் யாரென்றும் தெரியாது. நீ கேட்டதை எழுதியிருக்கிறாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை. டிரங்குப் பெட்டியை நீ எப்போதாவது திறந்தாயா என்று நான் கேட்கவில்லை. சரஸ்வதி பூஜைக்கு மிருதங்கம் எடுத்து வைத்தது நீதான், அதன் உறைக்கு அடியில்தான் அது இருந்தது. கேட்கவில்லை, சும்மா சொல்கிறேன்.

அன்றைக்கு நான் 'பேப்பர்காரன் புத்தி நம்ம வீட்டுக்குள்ள வரக்கூடாது' என்றேன். நீ சாப்பிடாமல் பஸ் ஏறினாய். தீபாவளிக்கும் வரவில்லை. பேப்பர்காரன் கதை உனக்குத் தெரியும், எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். 1991 டிசம்பரில் மெட்ராஸில் எனக்குக் கிடைத்த முதல் கச்சேரியைப் பற்றி ஒருத்தன் நாலு வரி எழுதி என் பிழைப்பைக் கெடுத்தான், நான் அவன் வீட்டுக்கே போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு வந்தேன். அத்தை இப்போதுகூட அதைச் சொல்லித்தான் சிரித்தாள்.

கௌரி, அப்படி நடக்கவில்லை.

எனக்கு ராத்திரிக் கச்சேரி, பெரிய வித்வான் ஒருத்தருக்கு வாசிக்கப் போகிறோம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். போனால் மத்தியானம் இரண்டு மணி, இருபது வயசுப் பெண் ஒன்று. ஐந்து கட்டை, உயர்ந்த சுருதி. என்னிடம் இருந்தது தாழ்ந்த சுருதிக்கான தக்கு மிருதங்கம், ஓடி அலைந்து ஒரு ஹெச்சு மிருதங்கம் இரவல் வாங்க வேண்டியிருந்தது. அதுவே எனக்கு எரிச்சல். பாலக்காடு மணி ஐயரே வெகுகாலம் பெண்களுக்கு வாசிக்காமல் இருந்தவர்தானே என்று மனசுக்குள் ஒரு திமிர். அவர் அப்புறம் பட்டம்மாளுக்கு வாசித்ததை வசதியாக மறந்துவிட்டேன். மிருதங்கத்தின் இடது பக்கத் தொப்பிக்கு ரவை தடவிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் வந்து, "அண்ணா, நிரவல்ல கொஞ்சம் அடக்கி வாசிச்சீங்கன்னா வார்த்தை கேக்கும்" என்றது. எவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மரியாதையாகத்தான் சொன்னது. எனக்கு அது போய் எங்கேயோ சுட்டது.

காம்போதி ராகம், மிச்ர சாபு தாளம். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப விரித்துப் பாடுகிற நிரவலில் ஒரு இடம் விடாமல் நிரப்பினேன். மேல்காலம் எடுத்ததும், முடிப்பாக வாசிக்கிற தீர்மானத்தை வேண்டுமென்றே அரை இடம் தள்ளி வைத்தேன். அந்தப் பெண் எடுப்பைத் தவறவிட்டது. பின் வரிசையில் யாரோ எனக்குக் கைதட்டினார்கள். மங்களம் முடிந்து அந்தப் பெண் தம்புராவை உறையில் போட்டபோது ஒரு தடவைகூட என் பக்கம் பார்க்கவில்லை.

மறுநாள் பேப்பரில் நாலு வரி. நான் போனது நிஜம். அவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "தாளம் தப்பினது அந்தப் பொண்ணு, நீங்க என்னை எழுதியிருக்கீங்களே" என்றேன். உட்காரச் சொன்னார். காபி வந்தது. நோட்டை எடுக்கவில்லை, அப்படியே சொன்னார்: "மேல்காலத்துல மூணாவது ஆவர்த்தனம். நீங்க தீர்மானத்தை அரை இடம் தள்ளினீங்க. அந்தப் பொண்ணு உங்களை நம்பி எடுத்தா. அதை நான் எழுதல, சத்தம்னு மட்டும்தான் எழுதினேன்."

காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. ரயிலில் வருகிறபோது உன் அம்மாவுக்குச் சொல்ல ஒரு கதை கட்டினேன், அதுதான் நீ கேட்டு வளர்ந்த கதை.

அடுத்த சீசனுக்கு யாரும் கூப்பிடாததற்கு அந்த நாலு வரி காரணமில்லை. மேடையில் என் பக்கத்தில் வயலினும் கஞ்சிராவும் இருந்தார்கள். அவர்களுக்குத் தெரியும். பாடுகிறவர்கள் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்வார்கள், அதற்குப் பேப்பர் வேண்டாம். நான் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காகி, கோவில் கச்சேரியும் கல்யாணக் கச்சேரியுமாக ஓட்டினது என் கைவேலை.

இன்னொன்றும் இருக்கிறது. ஏழு வயசில் நீ மிருதங்கம் கற்றுக்கொடு என்று கேட்டாய். பெண் பிள்ளைக்குத் தொப்பியில் கை விழாது என்று சொல்லி உன்னைப் பாட்டு வகுப்பில் கொண்டு விட்டேன். திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் மேடையேறி மிருதங்கம் வாசித்தது தெரிந்தவன்தான் நான். தெரிந்துதான் சொன்னேன். ஐந்து கட்டையில் ஒரு பெண் என் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து தாளம் போட்டால் எனக்கு எப்படியிருந்திருக்கும் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

ஆகையால் நீ எழுதினதில் பிழை இருக்கிறதென்று சொல்ல வரவில்லை. ஒன்றே ஒன்று. நாளைக்கு அந்தப் பையன் உன் ஹாஸ்டல் வாசலில் வந்து நின்றால் நீ எந்த ஆவர்த்தனம் என்று சொல்ல வேண்டும். சொல்ல முடியுமா? முடியும் என்றால் எழுதினது சரி. முடியாதென்றால் அடுத்த கச்சேரிக்கு நோட்டில் குறித்துக்கொள். அவன் வேண்டுமென்று அமுக்கினானா, ஒலிபெருக்கிக்காரன் மைக்கை ஏற்றி வைத்தானா என்பதையும் பார்த்துக்கொள்; முன் வரிசையிலும் கேள், பின்னால் போயும் கேள். அந்தப் பையன் காபி கேட்டால் வாங்கிக் கொடு.

அந்த நாலு வரி வந்த பேப்பர்த் துண்டை இதோடு வைத்திருக்கிறேன். மடிப்பில் விட்டுப்போயிருக்கிறது, டேப் போட்டு ஒட்டாதே. படித்துவிட்டு உன்னிடமே வைத்துக்கொள்.

நெய்வேலிப் பெரியப்பா பேரன் வரும் வாரம் சென்னை வருகிறான். அவனிடம் எலுமிச்சை ஊறுகாயும் பருப்புப்பொடியும் கொடுத்தனுப்புகிறோம். டப்பாவைத் திருப்பிக் கொடு, அம்மா அதைப் பற்றித்தான் மூன்று தடவை சொன்னாள்.

அன்புடன்
அப்பா

பின் குறிப்பு: ராத்திரிக் கச்சேரி முடிய ஒன்பதரை ஆகிறதே, ஹாஸ்டலுக்கு எப்படிப் போகிறாய் என்று அம்மா கேட்கிறாள். பஸ்ஸுக்காக முன்னாலேயே எழுந்துவிட வேண்டாம், ஆட்டோவுக்கு நான் அனுப்புகிறேன்.