சித்தப்பா, மூன்றாவது போர்வெல் வேண்டாம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

பெங்களூர் கலாசிப்பாளையம் காய்கறி மண்டியிலிருந்து எழுதுகிறேன். போனில் சொன்னால் "வியாபாரிக்கு என்னடா தெரியும் வெள்ளாமையைப் பத்தி" என்று வைத்துவிடுவீர்கள். இப்படிப் பொதுவில் எழுதினால் தங்கச்சி முழுசாகப் படித்துக் காட்டுவாள். ராயக்கோட்டைப் பக்கத்து ஆட்கள் நாலு பேர் படித்தாலும் நல்லதுதான்.

மூன்றாவதாக ஒரு போர் (ஆழ்துளைக் கிணறு) போடக் கடன் கேட்டிருக்கிறீர்களாம். வேண்டாம்.

போன வாரம் உங்கள் ஊர் லோடில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். பாதித் தக்காளிக்கு அடியில் ரூபாய்க் காசு அகலத்துக்குக் கறுத்து அமுங்கிய வட்டம். கொண்டு வந்தவர் நோய் என்று மூன்று தடவை மருந்து அடித்தாராம். அது நோயே இல்லை. நிலம் ஒரு நாள் காய்ந்து மறுநாள் சொதசொதவென்று ஆனால், செடி காய்க்குக் கால்சியம் கொண்டுபோய்ச் சேர்க்காது, அடி அழுகும். காம்பைச் சுற்றி வெடித்த காய்கள் தனி. அது காய்ந்த நிலத்தில் திடீரென்று கொட்டிய மழையின் வேலை.

தண்ணீர் இருந்தால் சீராகப் பாய்ச்சலாமே, அதற்குத்தானே போர் என்பீர்கள். இருக்கிற தண்ணீரைச் சீராகக் கொடுக்கச் சொட்டுநீரும் மண்ணை மூடுகிற மல்ச்சிங் ஷீட்டும் போதும். சிறு குறு விவசாயி சான்று வாங்கினால் தமிழ்நாட்டில் சொட்டுநீருக்கு 100 சதவீதம் மானியம். உங்கள் மூன்று ஏக்கருக்குக் கிடைக்கும், அந்தச் சான்றுக்கு அலைய வேண்டும், அவ்வளவுதான். நம் பக்கம் அடியில் இருப்பது கருங்கல். விரிசலில் தேங்கியதுதான் தண்ணீர். விரிசல் இல்லாவிட்டால் ஆயிரம் அடி போனாலும் வருவது புகைதான். 2024 கோடையில் இந்தப் பெங்களூரிலேயே ஆயிரக்கணக்கான போர் வற்றி, டேங்கர் பின்னால் ஓடினோம்.

அப்புறம் விலை. 2023 ஜூலையில் கிலோ நூறைத் தாண்டிய தக்காளி செப்டம்பருக்குள் தரையைத் தொட்டது. அந்த ஜூலையை நினைத்துத்தானே மூன்று ஏக்கரிலும் தக்காளி?

ஒன்றரை ஏக்கரைக் கேழ்வரகுக்கு விடுங்கள், நடுவில் அவரைச் சால் போட்டு. பாட்டி செய்ததுதான். கோலார்ப் பக்கம் இன்னும் துவரை, ஆமணக்கு எல்லாம் சேர்த்து விதைக்கிறார்கள், அக்கடி சாலு என்று பேர். இதில் நாட்டு அவரை இருக்கிறதே, அதற்குப் பகல் பொழுது குறைந்தால்தான் பூ வரும். ஆடியில் விதைத்தாலும் சரி, மழை ஏமாற்றி ஆவணியில் விதைத்தாலும் சரி, காய்ப்பது பனிக்காலத்தில்தான். ஆடிப்பட்டமே தள்ளாடுகிற இந்தக் காலத்துக்கு இதைவிடத் தோதான பயிர் எனக்குத் தெரியாது. மார்கழியில் இங்கே அவரைக்காய் மூட்டையைப் பிரித்தால், விலை கேட்கும் முன் ஒரு காயைக் கசக்கி முகர்ந்து பார்ப்பார்கள். விரலில் அந்தப் பிசுக்கும் வாசமும் ஒட்டினால் பேரமே கிடையாது. இது மட்டும் வியாபாரியாக அடித்துச் சொல்வேன்.

கேழ்வரகில் ரகம் முக்கியம். மழை முன்னால் வந்தால் எம்.ஆர்.6, தள்ளிப்போனால் சீக்கிரம் அறுவடைக்கு வரும் ஜி.பி.யு.28, குலை நோயையும் தாங்கும். இரண்டு விதையும் வீட்டில் இருக்கட்டும், வானத்தைப் பார்த்து முடிவு செய்யலாம்.

போருக்கு வைத்த பணத்தில் ஒரு பங்கு போதும், கீழ்மூலையில் பண்ணைக்குட்டை வெட்ட. அடியில் தார்ப்பாய் விரிக்காமல் விட்டுவிடாதீர்கள், செம்மண் குடித்துவிடும். கதிர் பிடிக்கும் நேரத்தில் மழை நின்றுபோனால் அந்தக் குட்டையிலிருந்து இரண்டு தண்ணீர் விட்டாலே பயிர் தப்பிக்கும்.

மீதி ஒன்றரை ஏக்கரில் தக்காளி வைத்துக்கொள்ளுங்கள், நானும் பிழைக்க வேண்டுமே! ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட அர்க்கா ரக்ஷக் போடுங்கள்; இலைச்சுருட்டு, வாடல், கருகல் மூன்றையும் தாங்கும். ஆனால் 35 டிகிரி வெயிலில் பெரும்பாலான ரகங்கள் பூவை உதிர்க்கும். பங்குனி, சித்திரையில் பூக்கிற மாதிரி நடாதீர்கள்.

கேழ்வரகு விதையை இங்குள்ள ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழகத்தில் நானே வாங்கி ஓசூர் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். போர் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் முதலில் அதைத் திருப்பிக் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்