படிவம் நிரப்புவது மட்டுமா சமூகவியல்?

ஐயா,

சமூகவியல் என்றாலே படிவமும் சதவீதமும்தான் என்று கல்லூரிகளிலேயே ஆகிவிட்டது. மனிதரைப் புரிந்துகொள்ளும் துறை அது. 'வரதட்சணை வாங்கினீர்களா?' என்று படிவத்தில் கேட்டால் 'இல்லை' என்றுதான் பதில் வரும். கொடுப்பதும் வாங்குவதும் 1961 சட்டப்படி குற்றமாயிற்றே! எதற்காகக் கேட்கிறோம் என்று முதலில் சொல்லிவிட்டு, நகை எத்தனை பவுன், மண்டபச் செலவு யாருடையது, சீர்ப் பட்டியல் போட்டது யார் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டால் கணக்கு தானாக வரும். அன்றிரவே எழுதிவிட வேண்டும். மறுநாள் பாதி மறந்துவிடும்.

கேட்பவர் எங்கே தங்குகிறார் என்பதும் முக்கியம். 1961-62இல் தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றை ஆராய்ந்த சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் அக்ரகாரத்தில் தங்கினார். அதனாலேயே சேரிக்குள் அவரால் சுலபமாகப் போய்வர முடியவில்லை. என்னைக் கேட்டால், அந்தத் தடையே ஊரைப் பற்றிய முதல் தரமான தகவல்.

முதலாண்டு மாணவருக்குப் புள்ளியியல் மென்பொருளைக் காட்டுமுன் டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லலாம். பெஞ்சில் அமர்வது யார், நின்றே குடிப்பது யார், யாருக்குக் கண்ணாடி கிளாஸ், யாருக்குப் பேப்பர் கப் என்று குறிக்கட்டும். கண்டது ஒரு பக்கம், தோன்றியது எதிர்ப்பக்கம். இரண்டையும் கலந்து எழுதுவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

– சமூகவியல் ஆசிரியர், திருச்சி