வெற்றிலையே போடாதவருக்கும் வந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வாய்ப்புற்றுநோய் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். புகையிலை, பாக்கு, மது என்று சரியாகவே எழுதியிருந்தீர்கள். நம் பக்கம் கன்னத்திலும் ஈறிலும் வரும் புற்று பெரும்பாலும் அவற்றால்தான். எங்கள் வீட்டுக்கு வந்தது வேறு வழியாக.

என் கணவர் ஓய்வு பெற்ற கூட்டுறவு வங்கி ஊழியர். கும்பகோணத்திலேயே பிறந்து வளர்ந்தும், கல்யாணப் பந்தி முடிந்து நீட்டுகிற வெற்றிலையைக்கூட வாங்கமாட்டார். சென்ற ஆண்டு சவரம் செய்யும்போது கழுத்தில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. வலி இல்லை. நெறி கட்டியிருக்கிறது என்று ஒரு மருத்துவமனையில் நான்கு மாதம் மாத்திரையே கொடுத்தார்கள். அப்புறம் வேறு இடத்தில் சதை எடுத்துச் சோதித்தபோது டான்சிலில் புற்று, காரணம் எச்.பி.வி. வைரஸ் என்றார்கள். கருப்பைவாய்ப் புற்றை உண்டாக்கும் அதே வைரஸ்தான். அதன் 16-ஆம் வகை டான்சிலையும் நாக்கின் அடியையும் பிடிக்கும். அமெரிக்காவில் அந்த இடங்களில் வரும் புற்றில் சுமார் 70 சதவீதம் இதனால்தான்; ஆண்களுக்கே அதிகம்.

35 நாள் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்ததைக்கூடத் தாங்கிக்கொண்டார். உறவினர் பேச்சைத்தான் தாங்க முடியவில்லை. முதலில், ஒளித்து வைத்துப் புகையிலை போட்டிருப்பார் என்றார்கள். உடலுறவில் பரவும் வைரஸ் என்று தெரிந்ததும் அவர் நடத்தையைப் பேசினார்கள், என் காதுபடவே. நானும் ஒரு ராத்திரி தூங்காமல் கிடந்தேன்.

மறுநாள் மருத்துவரிடம் நேராகவே கேட்டுவிட்டேன். தாம்பத்திய வாழ்க்கைக்கு வந்தவர்களில் பெரும்பாலோருக்கு என்றாவது ஒருமுறை இது தொற்றிவிடும், ஓரிரு வருடத்தில் உடம்பே விரட்டிவிடும், சிலருக்கு மட்டும் தங்கிப் பல வருடம் கழித்துப் புற்றாகும் என்றார். எப்போது வந்தது, அவரிடமிருந்து எனக்கா, என்னிடமிருந்து அவருக்கா என்று எந்தச் சோதனையும் சொல்லாதாம். சிகிச்சைக்கு நன்றாகக் கேட்கிற வகை இது என்றும் சொன்னார். என் கணவர் இப்போது ரசம் சாதம் விழுங்குகிறார்.

இதையும் உங்கள் நாளிதழில் விரிவாக எழுதுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் கரையாத கழுத்துக் கட்டியைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். இந்த வைரஸுக்கு எதிராக 2023-ல் வந்த நம் நாட்டுத் தடுப்பூசி செர்வாவாக், 9 முதல் 26 வயது வரை ஆண்களுக்கும் போட அனுமதி பெற்றது. இதைச் சொன்னபோது என் மகளே, "அது பொம்பளைப் பிள்ளைகளுக்குத்தானே அம்மா?" என்று கேட்டாள். பேரனுக்கு 11 வயது. போன வாரம் முதல் ஊசி போட்டாயிற்று.

ஒரு வாசகி,
கும்பகோணம்