பேய்க்கு எதற்கு காமெடி கோஷ்டி?

ஆசிரியருக்கு வணக்கம்.

கேரள எல்லை ஊர்க்காரன் என்பதால், ஆரியங்காவு தாண்டிப் புனலூருக்குப் போயாவது மலையாளப் பேய்ப் படங்களைப் பார்த்துவிடுவேன். 2024-இல் வந்த ‘பிரமயுகம்’ முழுக்கக் கறுப்பு வெள்ளை. பாழடைந்த மனை, விடாத மழை, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள், அவ்வளவுதான். மம்மூட்டி சாப்பிடுவதைப் பார்த்தாலே அடிவயிறு கலங்குகிறது. நம்மவர்களோ பேய்க்கு முன்னால் ஒரு காமெடி கோஷ்டியை ஓடவிடுகிறார்கள். சிரித்து முடித்தவனுக்குப் பயம் எங்கிருந்து வரும்? 2009-இல் வந்த தமிழ்ப் படம் ‘யாவரும் நலம்’ ஒரு டிவி சீரியலை வைத்தே மிரட்டவில்லையா?

அறிவியல் புனைகதை நிலைமை இன்னும் மோசம். சுஜாதா ‘என் இனிய இயந்திரா’ நாவலில் கற்பனை செய்த 2021-ஆம் ஆண்டே வந்து போய்விட்டது, நாம் இன்னும் அதில் வரும் இயந்திர நாய் ஜீனோவையே கொஞ்சிக்கொண்டிருக்கிறோம். சரி, உங்கள் ஞாயிறு இணைப்பில் மாதம் ஒரு அறிவியல் சிறுகதையாவது போடுங்களேன். ராக்கெட் கட்டாயமில்லை.

– ஒரு வாசகர், செங்கோட்டை