அதிகாலை மூன்று மணிக்கு வந்த கேள்வி: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று முன்தினம் அதிகாலை மூன்று மணிக்கு நீ அனுப்பியிருந்த ஒற்றை வரிச் செய்தியை விடிந்த பிறகுதான் பார்த்தேன். "அக்கா, பாப்பாவை இரவு முழுவதும் தூங்கவைக்க என்னதான் வழி?" என்று கேட்டிருந்தாய். அதைத் தொடர்ந்து ஒரு நீண்ட கடிதமும் எழுதியிருந்தாய். உடனே பதில் எழுதியிருந்தால் நாலு ஆறுதல் வார்த்தைகளோடு முடிந்திருக்கும் என்பதால் இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். இதே கேள்வியை வேறு சிலரும் என்னிடம் கேட்டிருப்பதால், உன் சம்மதத்துடன் பலரும் படிக்கும்படி எழுதுகிறேன். ஐந்து மாதக் குழந்தையை விடியும்வரை தூங்கவைக்கும் வித்தை எதுவும் எனக்குத் தெரியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இரவை நீயும் உன் மனைவியும் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்பதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

"இரவு முழுவதும்" என்று எழுதியிருந்தாய் அல்லவா, அதிலிருந்தே தொடங்குகிறேன். 1957ஆம் ஆண்டில் லண்டனில் குழந்தைகளின் இரவு விழிப்பைப் பற்றி மூர், உக்கோ ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வில், நள்ளிரவு 12 மணி முதல் 5 மணி வரை எழுப்பாமல் இருந்தாலே அந்தக் குழந்தை இரவு முழுவதும் தூங்கியதாகக் கணக்கு வைத்தார்கள். வெறும் ஐந்து மணி நேரம்! 2018இல் வெளியான கனடா நாட்டு ஆய்வு ஒன்றில், ஆறு மாதக் குழந்தைகளில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் தொடர்ச்சியாக 6 மணி நேரம் தூங்கவில்லை. ஒரு வயதில்கூட 28 விழுக்காட்டினர் அப்படித்தான் இருந்தார்கள். அந்தக் குழந்தைகளின் மனவளர்ச்சியோ உடலியக்க வளர்ச்சியோ மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்ததாகவும் தெரியவில்லை. ஆகவே நான்கு முறை எழுகிறாள் என்பதற்காக உன் மகளிடம் ஏதோ குறை இருப்பதாக எண்ணாதே. தங்கள் வீட்டுக் குழந்தை எட்டு மணிக்குப் படுத்தால் விடிந்துதான் கண் விழிக்கும் என்று உன்னிடம் சொல்பவரைப் பார்த்தால், அந்த வீட்டில் இரவில் எழுந்து பார்ப்பவர் யார் என்று மெல்லக் கேட்டுப் பார்.

குழந்தை ஏன் எழுகிறது என்பது புரிந்தால் பாதிக் கோபம் அடங்கிவிடும். நம்முடைய தூக்கம் சுமார் 90 நிமிடங்களுக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் ஆழ்ந்தும் மேலெழுந்தும் போகிறது. குழந்தைக்கு அந்தச் சுற்று 50 முதல் 60 நிமிடங்களிலேயே முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் தூக்கம் மெலிந்து, விழிப்பின் விளிம்பைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. அதிலும் பிறந்த குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி, கண்கள் இமைக்குள் அசைய, முகம் சுளிக்க, முனகிக்கொண்டும் கையை உதறிக்கொண்டும் கழிகிற துடிப்பான தூக்கமாகும். மூன்று, நான்கு மாதங்களில் இந்த அமைப்பு பெரியவர்களின் தூக்கத்தை நோக்கி மாறத் தொடங்குகிறது. "முன்பு நன்றாகத்தான் தூங்கினாள், இப்போது கெட்டுப்போய்விட்டாள்" என்று உன் மனைவி வருத்தப்பட்டதாக எழுதியிருந்தாயே, காரணம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். அவள் வளர்ந்திருக்கிறாள், நீங்கள் எதையும் கெடுக்கவில்லை.

அமெரிக்க மனநல மருத்துவர் தாமஸ் ஆண்டர்ஸ் 1970களில் தொட்டில்களுக்கு அருகே வீடியோ கேமரா வைத்துக் குழந்தைகளின் இரவுகளைப் பதிவு செய்தார். நன்றாகத் தூங்குவதாகப் பெற்றோர் நம்பியிருந்த குழந்தைகளும் இரவில் விழித்தன என்பது அந்தப் பதிவுகளில் தெரிந்தது. சில குழந்தைகள் விழித்து, சற்று நேரம் சும்மா கிடந்துவிட்டுத் தாமாகவே மறுபடி கண்ணயர்ந்தன. வேறு சில அழுது ஆளைக் கூப்பிட்டன. வேறுபாடு அவ்வளவுதான். இதைப் படித்தபோது எனக்குச் சற்று வெட்கமாக இருந்தது. ஏனென்றால் என் மூத்தவன் சிறு முனகல் விட்டாலும் நான் பாய்ந்து சென்று தூக்கிவிடுவேன். அவன் உண்மையில் விழிக்கவே இல்லை, நான்தான் எழுப்பிக்கொண்டிருந்தேன் என்பது இரண்டாவது குழந்தை பிறந்த பிறகுதான் விளங்கியது. ஆகவே சிணுங்கல் கேட்டவுடன் எழுந்து உட்கார், ஆனால் ஒரு நிமிடம் பொறுத்துக் கவனி. அழுகை ஏறினால் போ, இறங்கினால் படுத்துக்கொள்.

பசியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து மாதக் குழந்தைக்கு இரவிலும் பசிப்பது இயல்பு. தாய்ப்பால் விரைவில் செரித்துவிடும். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பாலே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வயிறு கனமாக இருந்தால் நன்றாகத் தூங்கும் என்று பாட்டிலில் கஞ்சியைக் கரைத்துக் கொடுக்கச் சொல்பவர்கள் உன் வீட்டுக்கும் வந்திருப்பார்கள். அதனால் தூக்கம் நீளாது, புரையேறும் ஆபத்துதான் கூடும். புன்னகைத்து வழியனுப்பு. வெளிச்சத்துக்கு இதைவிட மதிப்புண்டு: பிறந்த குழந்தைக்கு இரவு பகல் தெரியாது, இரண்டு மூன்று மாதங்களில்தான் உடற்கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. காலையில் நல்ல வெளிச்சத்தில் இருக்கட்டும். இரவில் டயப்பர் மாற்றுவதும் பால் கொடுப்பதும் மங்கிய விளக்கில், பேச்சும் விளையாட்டும் இல்லாமல் நடக்கட்டும். நள்ளிரவில் அவள் பொக்கை வாயால் சிரித்தாலும் நீ மயங்கிவிடக் கூடாது. அது மிகவும் கடினம் என்பது எனக்குத் தெரியும்.

இனி உங்கள் இருவரைப் பற்றிச் சொல்கிறேன். உன் நீண்ட கடிதத்தில், "என்னால் முடிந்த உதவியை அவளுக்குச் செய்கிறேன்" என்று எழுதியிருந்தாய். பொறுப்பு அவளுடையது, நீ அவ்வப்போது கைகொடுக்கிறாய் என்றுதான் அந்த வாக்கியத்துக்குப் பொருள். நான் முதல் குழந்தையைப் பெற்றபோது உன் அத்தானிடம், "நீங்கள் காலையில் வேலைக்குப் போக வேண்டும், அடுத்த அறையில் படுங்கள்" என்று நானே பெருந்தன்மையாகச் சொன்னேன். அவரும் போய்ப் படுத்தார். அடுத்த ஆறு மாதங்களும் சுவருக்கு அப்பாலிருந்து கேட்ட குறட்டை ஒலியை நான் எவ்வளவு வெறுத்தேன் என்பதை அவருக்கு இன்றுவரை முழுதாகச் சொன்னதில்லை. இப்போது இதைப் படிப்பார்.

தூக்கம் மொத்தம் எத்தனை மணி நேரம் என்பதைப் போலவே, அது எத்தனை துண்டுகளாக உடைகிறது என்பதும் முக்கியம். 2014இல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சில மாணவர்களை எட்டு மணி நேரம் படுக்கவிட்டு, இடையில் நான்கு முறை தொலைபேசியில் அழைத்து எழுப்பினார்கள். வேறு சிலரை நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். மறுநாள் கவனச் சிதறலும் மனச்சோர்வும் இரண்டு வகையிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. அந்த மாணவர்கள் பட்டது ஒரே ஓர் இரவு. உன் மனைவி ஐந்து மாதங்களாக அப்படியே இருக்கிறாள். "எட்டு மணி நேரம் படுக்கையில்தானே இருந்தாய்" என்று அவளிடம் யாராவது சொன்னால், நீயாக இருந்தாலும் சரி, அது கணக்குத் தெரியாத பேச்சு.

ஆகவே இரவை நடுவில் வெட்டுங்கள். இரவு எட்டரை மணிக்கு அவள் பால் கொடுத்துவிட்டுப் படுக்கப் போகட்டும். ஒரு மணிவரை குழந்தை உன் பொறுப்பு. அதன் பிறகு அவள் முறை. நீ ஆறு மணிவரை தூங்கலாம். இடையில் பசித்தால், எடுத்து வைத்த தாய்ப்பாலையோ பவுடர் பாலையோ நீ கொடுக்கலாம். நேரடியாக மட்டுமே பால் குடிக்கும் குழந்தையாக இருந்தால், நீ தூக்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் விட்டு, குடித்து முடித்தவுடன் திரும்ப வாங்கி, தோளில் போட்டு ஏப்பம் விடவைத்து, டயப்பர் மாற்றி, தொட்டிலில் கிடத்து. அவள் கண்ணைத் திறப்பது பத்து நிமிடத்துக்கு மட்டும். மீதி முக்கால் மணி நேர நடை உன்னுடையது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வழக்கமாகக் கொடுக்கும் ஒரு வேளையைத் திடீரென்று நிறுத்தினால் பால் கட்டிக்கொண்டு வலிக்கும், சுரப்பும் குறையலாம், எனவே அவள் உடலைக் கேட்டு மெல்ல மாற்றுங்கள். முதல் சில நாள்கள் குழந்தை உன் கையில் சமாதானமாகாது. அப்போது அவள் எழுந்து வந்து, "கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பாள். கொடுத்துவிடாதே. அழும் குழந்தையை ஆற்றும் பழக்கம் யாருக்கும் பிறவியிலேயே வருவதில்லை. அவளும் இந்த ஐந்து மாதங்களில்தான் கற்றுக்கொண்டாள்.

நீ அலுவலகம் போக வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் பகலில் அவள் செய்வதும் வேலைதான். தூக்கக் கலக்கத்தில் நீ ஒரு கோப்பில் பிழை செய்தால் திருத்திக்கொள்ளலாம், அவள் குளிப்பாட்டும்போது பிழை செய்ய முடியாது. அதே சமயம், நீ வண்டி ஓட்டிச் செல்பவன் என்றால் கண்ணைக் கட்டிக்கொண்டு வருகிற காலையில் ஓட்டாதே. அந்த நாள்களில் வேறு வழியில் போ.

களைப்பைவிட எனக்கு அதிக அச்சம் தருவது, களைத்தவர் குழந்தையோடு எங்கே தூங்கிப்போகிறார் என்பதுதான். குழந்தையை மல்லாத்திக் கிடத்த வேண்டும். உறுதியான சமதளப் படுக்கை, தலையணை இல்லை, மெத்தென்ற போர்வை இல்லை, பொம்மைகளும் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் குப்புறக் கிடத்த வேண்டாம் என்று 1992இல் பரிந்துரைத்து, 1994இல் அது நாடு தழுவிய இயக்கமாக மாறிய பிறகு, அங்கே தூக்கத்தில் நேரும் திடீர்க் குழந்தை மரணங்கள் பத்தாண்டுகளுக்குள் பாதிக்கும் கீழே குறைந்தன. ஆறு மாதம் வரையேனும் உங்கள் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் அவள் தூங்கட்டும். சோபாவிலும் சாய்வு நாற்காலியிலும் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு கண்ணயர்வதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஒருநாள் விடியற்காலையில் நாற்காலியில் விழித்தபோது, என் இடுப்புக்கும் நாற்காலியின் கைப்பிடிக்கும் இடையில் குழந்தை சரிந்து கிடந்தான். முகம் வெளிப்புறமாக இருந்ததால் பிழைத்தோம். தூங்கிவிடுவோம் என்ற ஐயம் இருந்தால், தலையணையும் போர்வையும் அகற்றிய கட்டிலில் உட்கார்ந்து பால் கொடுப்பது சோபாவைவிட மேல். விழித்தவுடன் தொட்டிலுக்கு மாற்றிவிட வேண்டும்.

தானாகத் தூங்கும்படி குழந்தையை அழவிட்டுப் பழக்குவதைப் பற்றியும் கேட்டிருந்தாய். இதில் இரு தரப்பும் மற்றவரைக் கொடியவராகவோ கோழையாகவோ சித்திரிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. சற்றுச் சற்றாக இடைவெளி விட்டுப் போய்ப் பார்க்கும் முறையையும் அதைப் போன்ற மென்மையான முறைகளையும் கற்றுக்கொண்ட ஆஸ்திரேலியக் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. அந்தக் குழந்தைகளுக்கு ஆறு வயதானபோது தீங்கும் தெரியவில்லை, நிலைத்த நன்மையும் தெரியவில்லை. என்னால் அதைச் செய்ய முடியவில்லை. என் தோழி ஒருத்தி செய்தாள். இருவருடைய பிள்ளைகளும் இன்று ஒரே மாதிரி அடம்பிடிக்கிறார்கள். ஐந்து மாதத்தில் அவசரப்பட வேண்டாம். பிறகு செய்வதென்றால் இருவரும் பகலில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். ஆத்திரம் தலைக்கேறிய நள்ளிரவில் தொடங்குவதற்குப் பயிற்சி என்ற பெயர் பொருந்தாது.

ஆத்திரம் வரும். உனக்கு ஏற்கெனவே வந்திருக்கலாம், சொல்லக் கூசியிருப்பாய். எவ்வளவு அழுதாலும் குழந்தையைப் பிடித்துக் குலுக்கக் கூடாது. தலை கனமானது, கழுத்து வலுவற்றது, சில நொடிக் குலுக்கலே மூளையில் இரத்தக் கசிவை உண்டாக்கிவிடும். கை நடுங்குகிறது என்று தோன்றினால் தொட்டிலில் மல்லாத்திக் கிடத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்ப் பத்து நிமிடம் நில். நான் ஒருமுறை அப்படி நின்று முகம் கழுவிக்கொண்டு திரும்பினேன். பாதுகாப்பான இடத்தில் பத்து நிமிடம் அழுததால் என் மகனுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

உன் மனைவியைக் கவனித்துப் பார். குழந்தை தூங்கும்போதும் அவளால் தூங்க முடியவில்லையா, எதிலும் பிடிப்பின்றி இருக்கிறாளா, தான் நல்ல தாய் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாளா? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, குழந்தை பெற்ற பெண்களில் சுமார் 13 விழுக்காட்டினருக்கு மனநலப் பாதிப்பு ஏற்படுகிறது. அதில் முதன்மையானது மனச்சோர்வு. அப்படித் தோன்றினால் அறிவுரை சொல்லிக்கொண்டிராமல் மருத்துவரிடம் அழைத்துப் போ. தன்னையோ குழந்தையையோ துன்புறுத்தும் எண்ணம் வருவதாகச் சொன்னால் அன்றைக்கே போ. அப்பாக்களுக்கும் மனச்சோர்வு வரும் என்பதால் உன்னையும் இதில் சேர்த்துக்கொள். குழந்தைக்கு எடை ஏறாமல் போனாலோ, மூச்சு இரைத்தாலோ, குறட்டை விட்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ, அது வெறும் இரவு விழிப்பு அல்ல. அதையும் மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை அவளிடமும் காட்டு. அவளுக்கு முதல் பாதி வேண்டுமா இரண்டாம் பாதி வேண்டுமா என்று கேள். பலருக்கும் முன்னிரவுத் தூக்கம்தான் இனிக்கிறது, ஆனால் தேர்ந்தெடுப்பது அவளாக இருக்கட்டும். ஒரு வாரம் செய்துவிட்டு எனக்கு எழுது. பகலில் எழுது, மூன்று மணிக்கு அந்தக் கைப்பேசி வெளிச்சத்தில் பாப்பா இன்னும் நன்றாக விழித்துக்கொள்வாள்.

அன்புடன்,
அக்கா